ஆட்டிசம் உள்ள குழந்தையும் நம் மஹல்லாவும்: சேர்ந்து கற்க வேண்டிய பாடம்

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. நான் ஜும்ஆ பயானைத் தொடங்கிய சிறிது நேரத்தில், ஆறு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு ஸஃப்புகளுக்கு நடுவே ஓட ஆரம்பித்தான். கத்தவும் செய்தான். "பிள்ளைகளை அடக்கி வைக்க முடியாதவர்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்" என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டேன். அவனுடைய வாப்பா மகனைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்று மாதம் கழித்து விசாரித்தபோதுதான் பையனுக்கு ஆட்டிசம் என்பதும், அவன் காதைப் பொத்தியது என் ஒலிபெருக்கியின் சத்தம் தாங்காமல்தான் என்பதும் தெரிந்தது.

குழந்தையின் அழுகை கேட்டால் அதன் தாய் சிரமப்படுவாளே என்று தொழுகையைச் சுருக்கிக்கொண்ட நபி (ஸல்) அவர்களின் வழிமுறையை மதரஸாவில் ஓதியிருக்கிறேன். பேத்தி உமாமா (ரலி) அவர்களைத் தோளில் சுமந்தபடியே அவர்கள் தொழுத செய்தியையும் ஓதியிருக்கிறேன். ஹதீஸ் தெரிந்திருந்தது, ஆட்டிசம் தெரியவில்லை. அந்தத் தவறிலிருந்து நான் கற்றவற்றை நம் குடும்பங்களுக்கும் ஜமாஅத்துகளுக்கும் பயன்படும்படி இங்கே தொகுத்துத் தருகிறேன்.

ஆட்டிசம் என்றால் என்ன?

ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. இது பிறவியிலேயே அமைவது. தொற்றுநோய் அல்ல, மனநோயும் அல்ல. இரண்டு விஷயங்களில் இது வெளிப்படும். ஒன்று, பிறருடன் உறவாடுவதிலும் கருத்தைப் பரிமாறுவதிலும் உள்ள சிரமம். மற்றொன்று, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, மாற்றத்தைத் தாங்க முடியாமல் போவது, ஒலி, ஒளி, தொடுதல், வாசனை ஆகியவற்றை அளவுக்கு அதிகமாகவோ குறைவாகவோ உணர்வது.

ஆட்டிசம் உள்ள எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு பிள்ளை பேசவே பேசாது. இன்னொரு பிள்ளை ஓயாமல் பேசும். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாது. ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் துணை தேவைப்படும். இன்னொருவர் படித்து வேலைக்கும் போவார்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. 2,000 பேர் வாழும் ஒரு மஹல்லாவில் இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் சுமார் 15 பேர் வருகிறார்கள். அந்தப் 15 பேரை நாம் பள்ளிவாசலில், மக்தபில், வலிமா விருந்தில் பார்க்கிறோமா? பார்ப்பதில்லை என்றால் அவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்று பொருள். அவர்களோடு அவர்களுடைய உம்மாவும் வீட்டுக்குள் அடைந்துவிடுகிறார்.

"யாருடைய குற்றம்?"

ஆட்டிசம் என்று தெரிந்ததும் உறவினர் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் தாயின் மேல்தான் பழி விழுகிறது. "கர்ப்பமாக இருக்கும்போது என்ன சாப்பிட்டாள்?", "பிள்ளையைக் கொஞ்சி வளர்க்கவில்லை", "மொபைலைக் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்" என்றெல்லாம் பேசுவார்கள்.

இந்தப் பழி நம் ஊரில் மட்டும் உள்ளதல்ல. அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் லியோ கன்னர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் பற்றிய நவீன மருத்துவ ஆய்வு தொடங்குகிறது. அதற்குப் பின் வந்த இருபது ஆண்டுகளில், அன்பு காட்டாத தாய்மார்களே இதற்குக் காரணம் என்ற கருத்து மேலை நாட்டு மருத்துவர்களிடமே பரவியிருந்தது. அதை மறுத்து 1964-இல் நூல் எழுதியவர் பெர்னார்ட் ரிம்லண்ட். அவர் ஓர் உளவியலாளர். ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையும்கூட. இன்று அந்தப் பழைய கருத்தை மருத்துவ உலகம் முற்றிலும் கைவிட்டுவிட்டது. மரபணுக்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்பதும், ஒற்றைக் காரணம் எதுவும் இல்லை என்பதும் தெளிவாகியுள்ளது.

தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற வதந்தி இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் வெளியிட்ட ஒரு கட்டுரைதான் அந்தப் பேச்சைக் கிளப்பியது. அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அவருடைய மருத்துவர் பதிவும் பறிக்கப்பட்டது. வதந்தியை நம்பித் தடுப்பூசியைத் தவிர்த்தால் குழந்தைக்கு தட்டம்மைதான் வரும்.

மொபைல் ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்பது நிரூபிக்கப்படவில்லை. ஆனால் குழந்தையோடு பேசி விளையாட வேண்டிய நேரத்தை மொபைல் தின்றுவிடுகிறது. அதைக் குறைக்கச் சொல்வதற்கு அந்த ஒரு காரணமே போதும்.

எப்போது கவனிக்க வேண்டும்?

ஒரு வயது நிரம்பியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல் இருப்பது. மழலை ஒலி எழுப்பாமல், கைகாட்டாமல், வேண்டியதை விரலால் சுட்டாமல் இருப்பது. 16 மாதத்தில் ஒரு சொல்கூட வராமல் இருப்பது. இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாமல் இருப்பது. எந்த வயதிலும், பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை இழப்பது. இவற்றில் எது தென்பட்டாலும் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். முதலில் காது கேட்கும் திறனையும் பரிசோதிக்க வேண்டும். 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு 'எம்-சாட்' என்ற 20 கேள்விகள் கொண்ட பட்டியல் உண்டு. பெற்றோர் ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். அது நோயை முடிவு செய்யும் பரிசோதனை அல்ல. மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று காட்டும் சல்லடை.

"அவன் வாப்பாவும் லேட்டாகத்தான் பேசினார்" என்ற பேச்சில் இரண்டு வருடம் போய்விடுவதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். பரிசோதித்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் அல்ஹம்துலில்லாஹ். பரிசோதிக்காமல் இழந்த வருடங்கள் திரும்பி வருவதில்லை.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதுமா?

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. ஒரு குழந்தை வாரத்தில் இரண்டு மணி நேரம் பேச்சுப் பயிற்சியாளரிடம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி நேரம் முழுவதும் அது யாரோடு இருக்கிறது? உம்மாவோடு, நன்னியோடு, அண்ணன் தங்கையோடு, தெருப் பிள்ளைகளோடு. அவர்கள் எதுவும் கற்காமல் குழந்தை மட்டும் கற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. பயிற்சி குடும்பத்துக்கும் வேண்டும்.

ஆட்டிசத்தின் வரலாற்றைப் படித்தாலும் இதுவே தெரிகிறது. 1962-இல் பிரிட்டனில் தேசிய ஆட்டிசச் சங்கத்தை நிறுவியவர்கள் பெற்றோர்கள். டெல்லியில் 1991-இல் 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கிய மெர்ரி பருவா ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தாய். பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து வந்து கற்கும் பயிற்சியை அந்த அமைப்பு பல ஆண்டுகளாக நடத்துகிறது.

இதை ஆய்வாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 2 முதல் 9 வயது வரையுள்ள 65 குழந்தைகளின் குடும்பங்கள் கலந்துகொண்ட ஆய்வின் முடிவு 2016-இல் வெளியானது. சிறப்பு மருத்துவர்கள் அல்லாத உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் மூலம் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தாய் குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அதை அவருக்கே போட்டுக் காட்டி, குழந்தை எந்த இடத்தில் முயற்சி செய்கிறது, நாம் எந்த இடத்தில் அவசரப்படுகிறோம் என்று பேசுவார்கள். பயிற்சி பெற்ற குடும்பங்களில் பெற்றோர் குழந்தையின் போக்கைப் புரிந்து பதில் கொடுப்பது கூடியது. குழந்தைகள் தாமாகவே தொடர்புகொள்ள முன்வருவதும் கூடியது. எல்லா அம்சங்களிலும் முன்னேற்றம் வந்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் நம்மைப் போன்ற ஊர்களில், பெரிய மருத்துவமனை இல்லாமலேயே ஒரு நல்ல தொடக்கம் சாத்தியம் என்று அது காட்டியது.

உலக சுகாதார நிறுவனமும் இதே நோக்கில் பராமரிப்பாளர் திறன் பயிற்சி ஒன்றை வகுத்துள்ளது. 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் குடும்பங்களுக்கானது அது. 9 குழு வகுப்புகளும் 3 வீட்டுச் சந்திப்புகளும் அதில் உண்டு.

வீட்டில் என்ன செய்யலாம்?

இத்தகைய பயிற்சிகளில் சொல்லித்தரப்படுபவை எளிமையானவைதான்.

குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். அது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் படப் புத்தகத்தைத் திணிக்காதீர்கள். "ஃபேன் சுத்துது" என்று சொல்லுங்கள். சின்னச் சின்ன வாக்கியம் போதும்.

சொல்லிவிட்டுக் காத்திருங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். இந்தக் குழந்தைகளுக்குப் பதில் தயாராகக் கூடுதல் நேரம் தேவைப்படலாம். நாமோ அதற்குள் மூன்று முறை கேட்டுவிடுகிறோம்.

கேட்பதற்கு வாய்ப்புக் கொடுங்கள். பிஸ்கட் பாக்கெட்டை அப்படியே கொடுக்காமல் ஒன்றைக் கொடுத்து நிறுத்துங்கள். கை நீட்டினாலும், கண்ணால் பார்த்தாலும், "தா" என்றாலும் அது பேச்சின் தொடக்கம்தான். உடனே கொடுத்துவிடுங்கள்.

வேலையைப் பிரித்துக் கற்றுக்கொடுங்கள். உளூவை எடுத்துக்கொள்வோம். குழாயைத் திறப்பது, கைகளைக் கழுவுவது, வாய் கொப்பளிப்பது என்று ஒவ்வொன்றையும் ஒரு படமாக வரைந்து குழாய்க்கு மேலே ஒட்டிவையுங்கள். ஒரு படி கைவந்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள். பல் துலக்குவதையும் சட்டை போடுவதையும் இப்படியே கற்பிக்கலாம்.

அடம் என்று முடிவு கட்டாதீர்கள். கல்யாண மண்டபத்தில் பிள்ளை தரையில் விழுந்து கத்துகிறது என்றால், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று பாருங்கள். ஸ்பீக்கர் சத்தமா, கூட்டமா, பசியா, புதுச் சட்டையின் உறுத்தலா? வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்குக் காது வலியோ பல் வலியோகூட இருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடித்தால் பாதிச் சண்டை குறையும். அடித்தால் கூடத்தான் செய்யும்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், மக்தபில் அரபி என்று நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். ஆட்டிசம் என்றதும் வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறிவிடச் சிலர் யோசனை சொல்வார்கள். இரண்டு மொழிகள் கேட்டு வளர்வது ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பாதிப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. உம்மாவுக்கு எந்த மொழியில் கொஞ்ச வருமோ அந்த மொழியிலேயே பேசட்டும்.

மார்க்கம் சார்ந்த கேள்விகள்

ஜின் பிடித்திருக்குமா? ஜின்கள் உண்டு என்பது நம் ஈமான். அதற்காக ஒவ்வொரு நோயையும் ஜின்னின் தலையில் கட்டுவதற்கு ஆதாரம் இல்லை. நோய்க்கு மருத்துவம் செய்யுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். பெற்றோர் குர்ஆன் ஓதி ஊதட்டும், துஆ செய்யட்டும், அது நல்லதே. ஆனால் ஓதிப் பார்ப்பதற்காகப் பயிற்சியை நிறுத்துவது தவறு. ஜின் விரட்டுவதாகச் சொல்லி அடிப்பது, கட்டிவைப்பது, புகை போடுவது எல்லாம் குழந்தைக்குச் செய்யும் அநியாயம். பணம் கறக்கும் நவீன வைத்தியங்களும் உண்டு. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தெளிவுபடுத்தியது. நகையை விற்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

தொழுகை கடமையா? பருவம் அடையாத சிறுவர், தூங்குபவர், புத்தி சுவாதீனம் இல்லாதவர் ஆகிய மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருப்பதாக ஹதீஸ் உண்டு. ஆட்டிசம் உள்ள எல்லோரையும் மூன்றாவது வகையில் சேர்த்துவிட முடியாது. நன்றாக விளங்கும் இளைஞருக்குத் தொழுகை கடமைதான்; கூட்டத்தின் சத்தம் தாங்க முடியாதவருக்கு ஜமாஅத் விஷயத்தில் சலுகை பற்றிப் பேசலாம். விளக்கமே இல்லாதவர் மீது கடமை இல்லை. ஒவ்வொருவரைப் பற்றியும் மருத்துவர் சொல்வதைக் கேட்டு, ஊரின் நம்பகமான ஆலிமிடம் தனியாகத் தெளிவு பெறுங்கள்.

ஜகாத் கொடுக்கலாமா? இயலாமை என்பதற்காக மட்டும் ஜகாத் இல்லை. அந்தக் குடும்பம் ஏழ்மையில் இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். சிகிச்சைச் செலவே பல குடும்பங்களை ஏழ்மையில் தள்ளிவிடுகிறது.

எங்களுக்குப் பின் யார்? இரவில் பெற்றோரைத் தூங்க விடாத கேள்வி இது. சொத்தைத் தாமே நிர்வகிக்க இயலாதவர்களுக்காக அதைப் பொறுப்பாளர் நிர்வகித்து, உணவும் உடையும் அளித்து, அவர்களிடம் கனிவாகப் பேச வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் போதனை. வாரிசுக்கு அவருடைய பங்குக்கு மேல் வஸிய்யத் செய்வது மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் செல்லாது. உயிரோடு இருக்கும்போதே அன்பளிப்பாகக் கூடுதலாகக் கொடுப்பதை, நோய் போன்ற தேவை இருக்கும்போது இப்னு குதாமா (ரஹ்) போன்ற அறிஞர்கள் அனுமதித்துள்ளார்கள். மற்றப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசி, எழுத்தில் முடித்துவிடுவதே பின்னால் வரும் சண்டையைத் தவிர்க்கும்.

சட்டமும் அரசு உதவிகளும்

1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் சேர்க்கப்பட்டுள்ளது. 18 வயது கடந்தவருக்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க, ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் இச்சட்டத்தின்படி மனுச் செய்யலாம். இதே அறக்கட்டளையின் 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 வகைகளுள் ஒன்றாக ஏற்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. சான்றிதழும் யூடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டையும் பெற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். கல்யாணப் பேச்சுக்கு இடைஞ்சலாகும் என்று அக்கா தங்கைகளுக்காகச் சான்றிதழ் வாங்காமல் இருப்பவர்கள் உண்டு. அதனால் இழப்பு அந்தப் பிள்ளைக்குத்தான்.

அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பரிசோதனையும் பயிற்சியும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், பலவகைக் குறைபாடுகள் உள்ளவர்களுக்கான மத்திய அரசின் 'நிப்மெட்' நிறுவனம் இயங்குகிறது.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

பெற்றோர் வட்டம் ஒன்றைத் தொடங்குங்கள். மூன்று குடும்பங்கள் இருந்தாலே போதும். மாதம் இருமுறை மதரஸா ஹாலில் கூடட்டும். பெண்கள் தயக்கமின்றி வந்து பேசக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சிறப்பாசிரியரையோ பேச்சுப் பயிற்சியாளரையோ அழையுங்கள். மற்ற நாட்களில் பெற்றோர் தமக்குள் பேசிக்கொள்ளட்டும். எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம், எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்கிறது, பிள்ளையை முடிதிருத்தகத்தில் உட்காரவைப்பது எப்படி என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். வாப்பா சவுதியிலோ துபாயிலோ இருக்க, தனியாகச் சமாளிக்கும் தாய்மார்கள் நம்மில் பலர். கூட்டம் முடிந்ததும் அங்கே பேசியதை அவருக்குக் குரல் பதிவாக அனுப்புங்கள். அவரும் கற்கட்டும்.

போக்குவரத்துச் செலவுக்கு பைத்துல்மாலில் ஒரு பகுதியை ஒதுக்குங்கள். பயிற்சி இலவசமாக இருந்தும் ஆட்டோ கட்டணத்துக்கு வழியில்லாமல் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு தாயைத் தூங்க விடுவதும் ஸதகாதான்.

மக்தபில் இந்தப் பிள்ளைக்கு ஜன்னல் சத்தம் இல்லாத ஓரத்தில் இடம் கொடுங்கள். முதலில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். படம் காட்டிச் சொல்லிக்கொடுங்கள். சிலருக்குக் கேட்டதை அப்படியே மனதில் வைக்கும் ஆற்றல் இருக்கும். அதைப் பாராட்டுங்கள், மேடையில் ஏற்றி வேடிக்கை காட்டாதீர்கள். பிரம்பு இங்கே வேண்டவே வேண்டாம்.

பள்ளிவாசலுக்கு முதலில் தொழுகை இல்லாத நேரத்தில் அழைத்து வாருங்கள். இடம் பழகட்டும். பிறகு கூட்டம் குறைவான ஒரு வக்து. ஜும்ஆவுக்கு வாசலருகே, ஸ்பீக்கருக்கு எட்ட ஓர் இடம். காதை மூடும் கருவி அணிந்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்க வேண்டாம். ஒன்றை மட்டும் கட்டாயமாகக் கவனியுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சொல்லாமல் வெளியேறிவிடுவதும், தண்ணீரைத் தேடிப் போவதும் அதிகம். நீரில் மூழ்கும் ஆபத்தும் இவர்களுக்கு அதிகம். ஹவுளைச் சுற்றித் தடுப்பும், பின்வாசலுக்குத் தாழ்ப்பாளும் போட்டுவையுங்கள்.

மனநலம் குன்றிய ஒரு பெண் நபி (ஸல்) அவர்களிடம் தனக்கு ஒரு தேவை இருப்பதாகச் சொன்னபோது, எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாய் என்று அவளிடமே கேட்டு, அங்கே போய் நின்று, அவள் தேவை முடியும்வரை உடனிருந்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு செய்தி உண்டு. இடத்தை அந்தப் பெண்ணே தேர்ந்தெடுத்தாள். நேரத்தையும் அவளே முடித்துக்கொண்டாள். இந்தக் குழந்தைகளிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் நாம் நடக்க வேண்டிய முறை இதுதான்.

அந்தச் சிறுவனின் வீட்டுக்குப் போய் அவன் வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "ஹஜ்ரத், சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் கூட்டிட்டு வருவேன்" என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது. உங்கள் மஹல்லாவில் வராமல் போன குடும்பம் எது என்று இந்த வாரம் விசாரியுங்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள்.

இந்தக் குழந்தைகளை நமக்கு அமானத்தாகத் தந்த வல்ல ரஹ்மான், அவர்களுடைய பெற்றோரின் சிரமத்தை இலேசாக்கி, நம் ஜமாஅத்துகளை அவர்களுக்குத் துணையாக ஆக்குவானாக! ஆமீன்.